பல அளவுத் திரைகளுக்கு ஒரே இணையப் பக்கம்

புத்தகம் ஒன்றை அச்சிடத் தொடங்கும் முன்னர், தாளின் அளவை நிச்சயம் செய்துகொள்வது அச்சகத்தாரின் வழக்கம். கிரௌன் அளவா, டெம்மி அளவா என்பது முடிவான பின்னரே பத்தியின் அகலம், எழுத்தின் பருமன், ஓரத்தில் விடவேண்டிய வெற்றிடம் ஆகிய யாவும் கணக்கிடப்படுகின்றன. அச்சான பிரதியைச் சென்னையில் படித்தாலும் டில்லியில் படித்தாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. தாள், அச்சிடுவோரின் வசத்தில் இருப்பதே இதற்குக் காரணம்.

இணையப் பக்கத்தின் நிலை வேறு. அதனை ஆக்குவோர் சொற்களையும், படங்களையும், அவற்றை அமைப்பதற்கான விதிகளையும் மட்டுமே அனுப்புகின்றனர். அவை எந்தத் திரையில் விரியும் என்பது வாசகரைப் பொறுத்தது. ஒருவர் அலுவலக மேசைமீதுள்ள அகன்ற திரையில் அப்பக்கத்தைக் காண்கிறார். மற்றொருவர் உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியில் காண்கிறார். பார்வை குன்றிய வேறொருவர் எழுத்துகளை நான்கு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு காண்கிறார். சுருங்கச் சொன்னால், இங்கே தாள் வாசகருடையது. ஒரே பக்கம் இம்மூவர்க்கும் ஒருங்கே பயன்படுமாறு செய்வது எங்ஙனம்? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டைப் பொறுத்தவரையில் இது வெறும் அலங்காரத்தைப் பற்றிய கேள்வி அன்று. இணையத்தைப் பயன்படுத்தும் இந்தியருள் பெரும்பாலோர்க்குக் கைப்பேசியே முதன்மையான சாதனம். பலர்க்கு அதுவே ஒரே சாதனம். உதவித்தொகை, ஓய்வூதியம், நிலப் பதிவு, தேர்வு முடிவு ஆகியவற்றை அவர்கள் அச்சிறு திரையின் வழியாகவே அறிகின்றனர். அதில் ஒரு பக்கம் சரிவரத் தோன்றாவிடில், அறிவிப்பு வெளியாகியும் உரியவரை அடையவில்லை என்றே கொள்ளவேண்டும்.

திரையும் புள்ளிகளும்

திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனவை. ஒரு திரையில் குறுக்கே எத்தனை புள்ளிகள், நெடுக்கே எத்தனை புள்ளிகள் என்னும் கணக்கே அதன் தெளிவுத்திறன் எனப்படுகிறது. 1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறையில் குறுக்கே 640 புள்ளிகளும் நெடுக்கே 480 புள்ளிகளும் இருந்தன. பின்னர் 800-க்கு 600 என்றும், 1,024-க்கு 768 என்றும் கணிப்பொறித் திரைகள் வளர்ந்தன.

புள்ளிகள் மிகுந்தால் திரையும் பெரிதாகும் என்று எண்ணிவிடலாகாது. 2007-இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை மூலைக்கு மூலை 3.5 அங்குலம், அதில் 320-க்கு 480 புள்ளிகள் இருந்தன. 2010-இல் வந்த ஐபோன் 4-இன் திரையும் அதே 3.5 அங்குலமே, ஆயினும் அதில் 640-க்கு 960 புள்ளிகள் அடங்கியிருந்தன. அதாவது, அதே பரப்பில் நான்கு மடங்கு புள்ளிகள். பக்கத்தை அமைத்தவர் குறிப்பிட்ட ஒவ்வொரு பிக்சலையும் புதிய திரையின் ஒவ்வொரு புள்ளியாகக் கொண்டிருந்தால், எழுத்துகள் யாவும் பாதியாகச் சுருங்கிப் படிக்க இயலாதவை ஆகியிருக்கும்.

இவ்விடர் நேராதிருக்கவே, பக்க அமைப்பில் கூறப்படும் பிக்சல் வேறு, திரையில் உள்ள புள்ளி வேறு என்று பிரித்துக் கொள்ளப்பட்டுள்ளது. முன்னது ஓர் அளவை மட்டுமே. கையெட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது ஓர் அங்குலத்தில் 96-இல் ஒரு பங்காகத் தோன்றும் நீளமே அவ்வளவைக்கு அடிப்படை. ஐபோன் 4 அத்தகைய ஓர் அலகைக் குறுக்கே 2, நெடுக்கே 2 ஆக 4 புள்ளிகளைக் கொண்டு காட்டியது. எனவே அதன் அகலம் பக்கத்தின் கணக்கில் முன்போலவே 320 பிக்சலாக நின்றது. எழுத்துகளின் அளவு மாறவில்லை, கூர்மை மட்டும் கூடிற்று. இக்கட்டுரையில் இனிக் கூறப்படும் திரையகலங்கள் யாவும் இவ்வளவையையே குறிக்கும்.

நிலையான அகலம் என்னும் பழக்கம்

1989-இல், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் உலகளாவிய வலை என்னும் திட்டத்தை முன்வைத்தார். அங்குப் பல வகையான கணிப்பொறிகள் வழக்கில் இருந்தன. எதில் திறந்தாலும் படிக்கக்கூடியதாகப் பக்கம் இருக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்க் கருத்து. ஆகவே தொடக்க காலப் பக்கங்கள், பாத்திரத்தின் வடிவை ஏற்கும் நீரைப் போலத் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தாமே வரிகளை மடித்துக்கொண்டன.

பின்னர் இக்குணம் குன்றியது. அச்சுத் துறையிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள், தாளில் அமைப்பதைப் போன்றே திரையிலும் அமைக்க விரும்பினர். 1990-களில் அட்டவணைக் கட்டங்களைப் பயன்படுத்திப் பக்கங்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பிக்சல் என்று அகலத்தை வரையறுத்தனர். 1,024 பிக்சல் திரை பெருவழக்கான காலத்தில், 960 பிக்சல் அகலமுள்ள பக்கம் ஏறக்குறைய ஓர் எழுதாச் சட்டமாயிற்று. வாசகர் யாவரும் ஒத்த திரைகளை வைத்திருக்கும்வரை இப்பழக்கத்தின் குறை வெளிப்படவில்லை.

உதாரணமாக, மாணவர் உதவித்தொகை பற்றிய அறிவிப்புப் பக்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் மொத்த அகலம் 960 பிக்சல். இடப்புறத்தில் 600 பிக்சல் அகலமுள்ள பெரிய பத்தியில் விதிமுறைகள் உள்ளன. வலப்புறத்தில் 300 பிக்சல் அகலமுள்ள சிறிய பத்தியில் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளும், விண்ணப்பத்தைத் திறக்கும் பொத்தானும் உள்ளன. எஞ்சிய 60 பிக்சல் இரண்டுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளி. அகன்ற திரையில் இவ்வமைப்பில் குற்றம் காண முடியாது.

இப்பக்கத்தை 320 பிக்சல் அகலமுள்ள கைப்பேசியில் திறந்தால் என்ன நிகழும்? ஐபோனின் உலாவி, பழைய பக்கங்களுக்கு 980 பிக்சல் அகலம் வேண்டும் என்று அனுமானித்து, பக்கம் முழுவதையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டிற்று. 16 பிக்சல் எழுத்து 5 பிக்சல் ஆயிற்று. அதனைப் படிக்க வேண்டுமாயின் விரல்களால் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். இவ்வாறு நகர்த்தும்போது வலக்கோடியில் உள்ள கடைசி நாள் கண்ணுக்கு அகப்படாமலே போகக்கூடும். 'சுருக்காதே, கைப்பேசியின் அகலத்தையே கொள்' என்று உலாவிக்கு அறிவிக்கும் வியூபோர்ட் என்னும் குறிப்பு ஒன்று உண்டு. ஆனால் பத்திகளின் அகலத்தை மாற்றாமல் அதனை மட்டும் எழுதினால், வலப்புறப் பத்தி முழுவதும் திரைக்கு அப்பால் ஒதுங்கிவிடும்.

கைப்பேசிக்கென்று தனியாக மற்றொரு தளத்தை அமைத்தலும் சில காலம் வழக்கில் இருந்தது. அதன் தீங்கு எளிதில் விளங்கும். ஒரே செய்தியை இரண்டு இடங்களில் பராமரிக்க வேண்டும். கடைசி நாள் நீட்டிக்கப்பட்டதைப் பெரிய தளத்தில் திருத்தியவர், சிறிய தளத்தில் திருத்த மறந்துவிட்டால், கைப்பேசி மட்டுமே உடைய மாணவர் தவறான தேதியை நம்பிப் பின்வாங்கிவிடுவார்.

மூன்று உபாயங்கள்

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈத்தன் மார்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் மூன்று உபாயங்களை ஒன்றிணைத்து, அம்முறைக்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயரிட்டார். திரைக்கேற்ப இசைந்து கொடுக்கும் அமைப்பு என்பது அதன் பொருள். அம்மூன்றையும் நம் உதவித்தொகைப் பக்கத்தில் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, அகலங்களைப் பிக்சலில் கூறாமல் விகிதத்தில் கூறுதல். 600-ஐ 960-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம்; 300-ஐ வகுத்தால் 31.25 சதவீதம், இடைவெளி 6.25 சதவீதம். மூன்றும் சேர்ந்து 100. இப்போது 1,280 பிக்சல் திரையில் பெரிய பத்தி 800 பிக்சலாகவும் சிறிய பத்தி 400 பிக்சலாகவும் விரியும். பக்கம் எந்தத் திரையிலும் வெளியே வழியாது.

இரண்டாவது, படங்களும் இசைந்து கொடுத்தல். 500 பிக்சல் அகலமுள்ள படம் ஒன்று, தான் இருக்கும் பத்தி குறுகியபோதும் தன் அகலத்தை விடாதிருப்பின், பத்தியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். படத்தின் அகலம் பத்தியின் அகலத்தை மிஞ்சலாகாது என்று ஒரே ஒரு விதி எழுதுவதனால் இது தீர்கிறது.

இவ்விரண்டும் போதுமா என்றால், போதா. 320 பிக்சல் திரையில் 62.5 சதவீதம் என்பது 200 பிக்சல், 31.25 சதவீதம் என்பது 100 பிக்சல். நூறு பிக்சல் அகலத்தில் 'விண்ணப்பதாரர்களுக்கான' என்னும் ஒரு சொல்கூட ஒரே வரியில் அடங்காது. விகிதம் காக்கப்பட்டது, ஆனால் வாசிப்பு கெட்டது.

ஆகையால் மூன்றாவது உபாயம் இன்றியமையாததாகிறது. பக்கத்தின் தோற்ற விதிகளை எழுதுவதற்கென சி.எஸ்.எஸ். என்னும் மொழி உள்ளது. அதன் முதற்பதிப்பை, வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு 1996-இல் வெளியிட்டது. இம்மொழியில் நிபந்தனை விதிகளையும் எழுதலாம். 'திரையின் அகலம் 600 பிக்சலோ அதற்கு மேலோ ஆயின் இரு பத்திகளையும் அருகருகே வை. இல்லையேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வை' என்பது அத்தகைய விதி. மீடியா குவெரி எனப்படும் இவ்வசதியை டபிள்யூ3சி 2012-இல் தரமாக ஏற்றுக்கொண்டது. இதனால் கைப்பேசியில் நம் இரு பத்திகளும் தனித்தனியே திரையின் முழு அகலத்தையும் பெறுகின்றன. எழுத்தைச் சுருக்கவும் வேண்டுவதில்லை. பக்கத்தைப் பக்கவாட்டில் நகர்த்தவும் வேண்டுவதில்லை.

அமைப்பு மாறவேண்டிய அகலத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த கேள்வி. கைப்பேசிகளின் மாதிரிகளைப் பட்டியலிட்டு, அவற்றின் அகலங்களை விதிகளாக எழுதுவோர் உண்டு. மாதிரிகள் ஆண்டுதோறும் மாறுவதால் இம்முயற்சிக்கு முடிவே இராது. உலாவியின் சாளரத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிப் பார்த்து, எந்த இடத்தில் வரிகள் நெருக்குண்டு படிக்கச் சிரமமாகின்றனவோ அந்த இடத்தில் அமைப்பை மாற்றுவதே தக்க முறை. மிக அகன்ற திரைகளுக்கும் ஒரு வரம்பு வேண்டும். வரி அளவு மீறி நீண்டால், ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேடித் தடுமாறும்.

எது முதலில் வரவேண்டும்?

பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. நம் உதாரணத்தில், அகன்ற திரையில் பார்த்தவுடனே வலப்புறத்தில் கண்ணிற்பட்ட கடைசி நாள், கைப்பேசியில் விதிமுறைகள் அனைத்துக்கும் கீழே சென்றுவிடுகிறது. இருபது பத்திகளைக் கடந்த பின்னரே மாணவர் அதனைக் காண்பார். அதற்குள் பக்கத்தை மூடிவிட்டாலும் வியப்பில்லை.

எனவே, திரையில் எது எங்கே தோன்றவேண்டும் என்பதைச் சிந்திக்கும் முன்னர், எது முதன்மையானது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். சிறிய திரையை முதலில் மனத்திற்கொண்டு அமைக்கும் முறையின் சிறப்பு இதுவே. 'மொபைல் ஃபர்ஸ்ட்' என்னும் பெயரால் இதனை லூக் ரோப்லெவ்ஸ்கி என்பார் 2009 முதல் வற்புறுத்தி வந்தார். சிறிய திரையில் எல்லாவற்றையும் முன்னிறுத்த இடமில்லை. ஆதலால் அமைப்பவர் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்துக்கு உள்ளாகிறார். கடைசி நாள், தகுதி, விண்ணப்பிக்கும் வழி, விரிவான விதிகள் என்ற வரிசை அவ்வாறு தேர்ந்ததன் விளைவாக அமையும். அகன்ற திரைக்கு வேண்டிய விதிகள் பின்னர்ச் சேர்க்கப்படும். இம்முறைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. நிபந்தனை விதிகளை உணராத பழைய உலாவியும் எளிய ஒற்றைப் பத்தியையேனும் காட்டிவிடும்.

படங்களின் பாரம்

படம் திரைக்கேற்பச் சுருங்கித் தோன்றுவதனால் அதன் பாரம் குறைவதில்லை. 1,280-க்கு 960 அளவுள்ள படத்தில் 12,28,800 புள்ளிகள் உள்ளன. 320-க்கு 240 அளவுள்ள படத்தில் 76,800 புள்ளிகளே உள்ளன. முன்னது பின்னதைப்போல் 16 மடங்கு. சிறிய திரைக்குப் பெரிய படத்தையே அனுப்பினால், வாசகர் பணம் கொடுத்துப் பெற்ற தரவு வீணாகிறது; இணைப்பு மந்தமான ஊர்களில் பக்கம் திறப்பதற்கே நெடுநேரம் ஆகிறது. ஒரே படத்தைப் பல அளவுகளில் ஆயத்தம் செய்து, அவற்றின் அகலங்களைப் பக்கத்தில் குறித்துவிட்டால், தனக்குத் தகுந்ததை உலாவியே தேர்ந்துகொள்ளும் வசதி இப்போது எச்.டி.எம்.எல். மொழியில் உள்ளது. புள்ளிகள் நெருங்கிய உயர்தரத் திரை பெரிய படத்தைக் கேட்டுப் பெறும். எளிய திரை சிறியதோடு நிறைவடையும்.

நம் மொழிகளுக்குரிய கவனம்

ஆங்கிலத்தில் அமைத்த பக்கத்தைத் தமிழிலோ இந்தியிலோ மலையாளத்திலோ ஆக்கும்போது மற்றும் சில இடர்கள் தோன்றுகின்றன. 'சப்மிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கென்று அளந்து வைத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்னும் தமிழ்ச் சொல் அடங்காது. அடங்காத சொல்லின் ஈற்றுப் பகுதியை மறைத்துவிடுவது சில தளங்களில் காணப்படும் வழக்கம். ஆங்கிலத்தில் இதனால் விளையும் தீமை சிறிது. தமிழிலோ எதிர்மறை வாக்கியத்தின் ஈற்றில் நிற்கிறது. 'சான்றிதழ் இணைக்கத் தேவையில்லை' என்பதன் ஈறு மறைந்தால் 'சான்றிதழ் இணைக்கத் தேவை' என்று ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளர் சரியாகவே எழுதினார். பக்கம் அதனைப் பொய்யாக்கிற்று.

உயரத்திலும் எச்சரிக்கை வேண்டும். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் உண்டு. வரியின் உயரத்தை ரோமன் எழுத்துக்கு அளந்து நிறுத்தினால் இவை வெட்டுப்படும். புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆகவே பொத்தான், தலைப்பு, கட்டம் ஆகிய எதற்கும் அகலத்தையோ உயரத்தையோ இறுகக் கட்டிவிடாமல், சொல்லுக்கேற்ப வளர விடுவதே முறை. நீண்ட சொற்றொடர் அடுத்த வரிக்கு மடியட்டும், மறையலாகாது.

பொது விதிகளும் எளிய சோதனைகளும்

2018-இல் டபிள்யூ3சி வெளியிட்ட அணுகுதன்மை விதிகளின் 2.1-ஆம் பதிப்பு இதற்கு ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. வரைபடம், புள்ளிவிவர அட்டவணை போன்றவை நீங்கலாக, 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமலே ஒரு பக்கத்தைப் படிக்க முடியவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. இந்த 320 எங்கிருந்து வந்தது? 1,280 பிக்சல் திரையில் பக்கத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் எஞ்சும் அகலம் 320. பெரிய திரையின்முன் அமர்ந்திருக்கும் பார்வை குன்றியவரும், சிறிய கைப்பேசியை ஏந்திய மாணவரும், பக்கத்தின் கண்ணுக்கு ஒருவரே. ஒருவர்க்குச் செய்யும் திருத்தம் மற்றவர்க்கும் பயனாகிறது.

நம் நாட்டில் அரசாங்க இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளைத் தேசியத் தகவலியல் மையம் 2009-இல் முதன்முதலாக வெளியிட்டது. 2023-இல் வந்த அவற்றின் மூன்றாம் பதிப்பு மேற்கூறிய 2.1-ஆம் பதிப்பைத் தழுவியுள்ளது.

நெறிகள் இருந்தும் ஒரு பழைய பழக்கம் இன்னும் நீங்கவில்லை. அச்சிட்ட சுற்றறிக்கையைப் படமாக்கி, பி.டி.எஃப். கோப்பாகப் பக்கத்தில் சேர்த்துவிடுவதே அது. 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாள், 70 மில்லிமீட்டர் அகலமுள்ள கைப்பேசியில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்ட் ஆகும். படமாதலின் அதன் வரிகள் மடியமாட்டா. கோப்பினை வைத்திருப்பதில் தவறில்லை. அதன் சாரத்தையேனும் பக்கத்திலேயே எழுத்தாகத் தருதல் வேண்டும்.

ஒரு தளம் எந்நிலையில் உள்ளது என்பதை அறிய நுட்பக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கணிப்பொறியில் உலாவியின் சாளரத்தைக் கூடியமட்டும் குறுக்கிப் பார்க்கலாம். பக்கத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். கைப்பேசியை நிமிர்த்தியும் கிடத்தியும் பார்க்கலாம். யாவற்றினும் மேலாக, விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை நிரப்பிப் பார்க்கலாம். 2017-இல் இந்தியாவில் வெளிவந்த ஜியோபோனின் திரை 2.4 அங்குலமே, அதன் அகலம் 240 பிக்சல். அத்தகைய திரையில் கடைசி நாள் கண்ணிற்படுகிறதா, பொத்தான் விரலுக்கு எட்டுகிறதா என்பதே உண்மையான தேர்வு.

அச்சுக்கலையில் தேர்ந்தவர்க்குத் தாளின் அளவைத் துறப்பது எளிதன்று. எனினும் இணையப் பக்கத்தை அமைப்போர் அதனைத் துறந்தே ஆகவேண்டும். அவர்கள் வசத்தில் எஞ்சியிருப்பவை செய்தியின் வரிசையும், பகுதிகளின் விகிதமும், எழுத்தின் தெளிவும் ஆகும். இம்மூன்றையும் சரிவரக் காத்தால், மேசைமீதுள்ள திரையிலும் உள்ளங்கைத் திரையிலும் அப்பக்கம் ஒரே செய்தியை ஒரே உண்மையோடு கூறும்.